மேசை போயிற்று, தொல்லை போயிற்றா?

கச்சேரி வாசலிலே கால் கடுக்க நின்றவனைக் கேட்டால் தெரியும், ஒரு காகிதத்தின் கனம் எவ்வளவு என்பது! ஊரிலே இருபது பேர் சேர்ந்து நடத்தும் படிப்பகம்; அதன் ஆண்டுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் கட்டணம் கொடுத்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்கிறார் செயலாளர். "அய்யா இன்று விடுப்பு, நாளை வா" என்கிறார்கள். மறுநாள் சென்றால், "கையெழுத்துப் பொருந்தவில்லை" என்கிறார்கள். மூன்றாம் நாள் சென்றால், "சென்ற ஆண்டுக் கோப்பு அகப்படவில்லை, நகல் கொண்டு வா" என்கிறார்கள். கோப்பைத் தொலைத்தவர் யார்? அவர்கள்! நகல் தேடி அலைபவர் யார்? நாம்!

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள் ஆட்சியாளர்கள். இனி வரிசை இல்லை, வாசல் இல்லை, வணக்கம் போட்டு நிற்கும் வேலை இல்லை; கணிப்பொறி முன் உட்கார், படிவத்தை நிரப்பு, பணத்தைக் கட்டு, ரசீதை எடுத்துக்கொள் - இவ்வளவுதான் என்கிறார்கள். கேட்கக் காது குளிர்கிறது. வரவேற்கிறோம். புதுமையைக் கண்டு மிரளுவோர் அல்லர் நாம். ஆனால், மேசை போயிற்று, தொல்லையும் போயிற்றா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கைதட்டிவிட்டுப் போக நம்மால் இயலாது.

"கம்பெனிக்காரனும் கணக்குப்பிள்ளையும் கவலைப்பட வேண்டிய காரியம் இது, ஆலைத் தொழிலாளிக்கு இதிலே என்ன?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் சொந்த ஊர் வரலாற்றையே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னையிலே பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் அதிலே அணிதிரண்டனர். பி.பி. வாடியா தலைவராக இருந்தார். 1920-இல் ஆலை கதவடைக்கப்பட்டது. நிர்வாகம் அத்தோடு நிற்கவில்லை. வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நட்டஈடு கேட்டு உயர்நீதிமன்றம் ஏறியது, தடையுத்தரவும் பெற்றது. தொழிலாளரை ஒன்றுசேர்த்ததே குற்றம் என்றாயிற்று! சங்கம் என்ற ஒன்று சட்டத்தின் கண்ணிலே இல்லை. ஆகவே அதற்குக் காப்பும் இல்லை. அந்த அடி விழுந்த பிறகுதான், 1921-இல் என்.எம். ஜோஷி சட்டசபையிலே குரல் எழுப்பினார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தை, வேலைநிறுத்தம் செய்ததற்காக வழக்குப் போட்டு நசுக்க முடியாது என்ற கவசம் அப்போதுதான் கிடைத்தது.

கவசத்தின் பெயர் என்ன? பதிவு! அந்தக் கவசம் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். இன்று அந்தப் பழைய சட்டத்தின் இடத்திலே, 2020-இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சட்டம் மாறினாலும் பதிவும் கணக்கும் மாறவில்லை. ஆக, தாள் ஒப்படைப்பது தலைவலி மட்டுமல்ல, தோழர்களே. தலையைக் காக்கும் கவசமும் அதுவேதான்!

தொழிற்சங்கம் மட்டுமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது. இருபது உறுப்பினர் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயை எட்டினாலோ, அந்தச் சங்கம் பதிவு செய்தே தீரவேண்டும் என்கிறது அச்சட்டம். பத்தாயிரம் ரூபாய் இன்று எம்மாத்திரம்? ஒரு பொங்கல் விளையாட்டு விழா நடத்தினாலே தாண்டிவிடும். நற்பணி மன்றம், படிப்பகம், குடியிருப்போர் சங்கம், முடிதிருத்துவோர் சங்கம், ஆட்டோ ஓட்டுநர் சங்கம் - எல்லாம் அந்த வலைக்குள்ளேதான். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்று கிராமத்திலே ஏர் பிடித்தவர்கள் பங்குபோட்டுத் தொடங்குகிறார்களே, அவர்களோ கம்பெனிச் சட்டத்தின் கீழே வருகிறார்கள். கோடீசுவரன் நிரப்பும் படிவத்தையே கோவணம் கட்டியவனும் நிரப்ப வேண்டும்!

மாற்றம் எப்படி வந்தது என்று பார்ப்போம். கம்பெனிப் பதிவேட்டைக் கணிப்பொறிக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு 2006-இல் தொடங்கிற்று. அதன் வெள்ளோட்டம் விடப்பட்ட ஊர் நம் கோயம்புத்தூர்! அவ்வாண்டு பிப்ரவரியில் அங்கே தொடங்கி, மார்ச்சில் டில்லிக்குச் சென்று, செப்டம்பருக்குள் நாடெங்கும் மின்வழி ஒப்படைப்பு கட்டாயமாயிற்று. நம் மாநிலப் பதிவுத்துறையும் 2018 பிப்ரவரியிலே ஸ்டார் 2.0 என்ற புதிய ஏற்பாட்டுக்கு மாறியது.

நன்மை இல்லை என்று சொல்வோமானால் நாக்கு அழுகிப்போகும். அறை அறையாக அடுக்கிவைத்த கட்டுகள், கரையான் தின்ற கோப்புகள், ‘எடுத்துத் தர’ இரண்டு ரூபாய் கேட்ட கை - இவை குறைந்தன. ஒரு கம்பெனியின் இயக்குநர்கள் யார், அதன் கணக்கு என்ன என்பதை, கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்றாயிற்று. ஆலையை மூடிவிட்டு "நட்டம், நட்டம்" என்று அழும் முதலாளியின் கணக்கு உண்மையிலே என்ன சொல்கிறது என்று தொழிற்சங்கம் உட்கார்ந்த இடத்திலே புரட்டிப் பார்க்க முடிகிறதே, அது சிறிய காரியமா? வெளிச்சம் யாருக்கு வேண்டாம்? இருட்டிலே பிழைப்பவனுக்குத்தான் வேண்டாம்!

ஆனால், நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா?

முதலாவது, தண்டம். 2018 ஜூலை முதல் நாள் தொட்டு, கம்பெனி தன் ஆண்டுக் கணக்கையோ ஆண்டு அறிக்கையையோ காலம் கடந்து ஒப்படைத்தால், படிவம் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் கூடுதல் கட்டணம் என்று விதித்தார்கள். இரண்டு படிவம், நாளுக்கு இருநூறு. ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய்! ஆயிரம் கோடி புரட்டும் நிறுவனத்துக்கும் நாளுக்கு நூறு. அறம் செய்யத் தொடங்கி அரைக்காசு இலாபம் காணாத சேவை நிறுவனத்துக்கும் நாளுக்கு நூறு. யானைக்கும் பூனைக்கும் ஒரே சுமை, பெயர் சமத்துவமாம்! யானை வாலை ஆட்டிவிட்டு நடக்கிறது. பூனையின் முதுகெலும்பு முறிகிறது.

இரண்டாவது, கேளாமல் தீர்ப்பு. மூன்றாண்டு தொடர்ந்து கணக்கு ஒப்படைக்காத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பர் என்பது சட்டம். 2017-இல் அதைக் கையிலெடுத்தார்கள். 2 இலட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்களின் பெயர் தகுதி இழந்தோர் பட்டியலிலே ஏறியது. அவற்றிலே கறுப்புப் பணம் பதுக்கிய போலிகள் இருந்திருக்கலாம். அவர்களுக்காகக் கண்ணீர் விட நமக்கு நேரமில்லை. ஆனால், கணக்கு ஒப்படைக்கத் தெரியாமல் விட்டவனும் அந்தப் பட்டியலிலேதான்! வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தன. விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்காமல் பட்டியல் வெளியிட்டது செல்லாது என்று 2018-இல் தீர்ப்பாயிற்று. கொலைக் குற்றவாளிக்கும் கூண்டிலே நின்று பேச ஒரு வாய்ப்பு உண்டு. படிவம் போடாதவனுக்கு அது கூடாதா?

மூன்றாவது, இயந்திரத்தின் படுக்கை. 2023 ஜனவரியில் கம்பெனிப் படிவங்கள் பலவற்றைப் புதிய தளத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய கையோடு தளம் மக்கர் செய்தது. உள்ளே நுழைய முடியவில்லை. நுழைந்தவர் வெளியே வர முடியவில்லை! கூக்குரல் எழுந்தது. இறுதியிலே அமைச்சகமே இறங்கிவந்து, 45 படிவங்களுக்குக் கூடுதல் கட்டணமின்றி மார்ச் 31 வரை காலம் நீட்டித்தது. நல்லது. ஆனால், அந்தச் சலுகை எப்படிக் கிடைத்தது? பெரிய ஆடிட்டர்களும் கம்பெனிச் செயலாளர்களும் கூடிக் குரல் கொடுத்ததாலே! கடைசி நாளன்று பிரவுசிங் சென்டரிலே உட்கார்ந்து, சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தையே பார்த்துவிட்டு, கடை மூடும் நேரம் வந்ததும் எழுந்துபோகும் ஏழைச் சங்கத்தின் செயலாளருக்கு யார் குரல் கொடுப்பது? குமாஸ்தா இல்லையென்றால், "நீ இல்லை, நான் வந்தேன்" என்று சொல்ல நாலு சாட்சி இருந்தது. சர்வர் இல்லையென்றால் சாட்சி யார்?

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கொடியது: பெயர்த் திருட்டு. கூலி வேலை செய்யும் ஒருவன். ஆதார் அட்டையும் பான் அட்டையும் கடன் வாங்கித் தருவதாகச் சொன்னவனிடம் நகல் கொடுத்தான். சில திங்கள் கழித்து அவன் குடிசைக்கு ஒரு கடிதம் வருகிறது. அவன் பெயரிலே ஒரு கம்பெனி நடக்கிறதாம், கோடிக்கணக்கிலே வியாபாரம் ஆகியிருக்கிறதாம், ஜி.எஸ்.டி. பாக்கியைக் கட்டு என்கிறது கடிதம்! இது கதையல்ல, நம் மாநிலத்துத் தினக்கூலிகள் பலர் இப்படிப்பட்ட நோட்டீசுகளைக் கையிலே பிடித்துக்கொண்டு கண்ணீரோடு நின்றதை ஏடுகள் வெளியிட்டிருக்கின்றன. 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடெங்கும் தேடுதல் நடத்தினார்கள். இல்லாத வியாபாரம், ஆனால் பதிவு உண்டு என்ற வகையில் 21,791 பேர்வழிகள் அகப்பட்டனர். ஏய்க்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட வரி 24,010 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஏய்த்தவன் எங்கோ மாளிகையிலே. நோட்டீசு வந்தவன் மண் குடிசையிலே! உழைப்பவனின் வியர்வையைத் திருடினார்கள் அன்று. உழைப்பவனின் பெயரையே திருடுகிறார்கள் இன்று!

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. பிரிட்டனிலே கம்பெனிப் பதிவேடு 1844 முதல் நடந்துவருகிறது. அங்கே கம்பெனி தொடங்குவது மிக எளிது என்று பெருமை பேசினார்கள். எவ்வளவு எளிது தெரியுமா? கொடுத்த பெயர் உண்மையா என்று பார்க்காமலே பதிவு செய்யும் அளவுக்கு எளிது! விளைவு, அடுத்தவன் முகவரியிலே கம்பெனி, ஆளே இல்லாத இயக்குநர், அதன் வழியே திருட்டுப் பணம். 2023-இல்தான் புதுச் சட்டம் போட்டு, ஐயத்துக்குரிய தாள்களைத் திருப்பியனுப்பும் அதிகாரத்தைப் பதிவாளருக்குத் தந்தார்கள். 2025 நவம்பர் 18 முதல்தான் இயக்குநர் இன்னார் என்று மெய்ப்பிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். கதவை அகலத் திறந்தால் போதாது. வாசலிலே காவலும் வேண்டும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

எஸ்டோனியா என்றொரு சின்னஞ்சிறு நாடு. மக்கள்தொகை பதினான்கு இலட்சத்தைத் தாண்டாது. அங்கே 2001 முதலே அரசின் ஏடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி இணைத்தார்கள். ஒரு முறை குடிமகன் கொடுத்த விவரத்தை இன்னொரு இலாகா மறுபடியும் கேட்கக்கூடாது என்பது அங்கே கொள்கை. இங்கே? நம் முகவரியை எத்தனை இலாகாவுக்கு எத்தனை முறை எழுதினோம் என்பதை எண்ணிச் சொல்ல முடியுமா? பதிவாளருக்கு ஒன்று, வருமான வரிக்கு ஒன்று, சேமநிதிக்கு ஒன்று, ஜி.எஸ்.டி.க்கு ஒன்று! தாளிலே நான்கு முறை எழுதியதைத் திரையிலே நான்கு முறை தட்டுவது புதுமையா? பழைய மாட்டு வண்டிக்குப் புது வர்ணம் அடித்ததைத்தான் புதுமை என்பதா?

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ் ஆட்சிமொழி என்ற சட்டம் 1956-லேயே நம் மன்றத்திலே நிறைவேறியது. ஆயினும் கம்பெனிப் படிவத்தைத் தமிழர் இன்றும் ஆங்கிலத்திலேதான் நிரப்ப வேண்டியிருக்கிறது. தமிழிலே கூட்டம் கூட்டி, தமிழிலே விவாதித்து, தமிழிலே தீர்மானம் போட்ட உழவர்கள், அதை ஒப்படைக்கும்போது மட்டும் ஊமையாகிவிடுகிறார்கள். படித்துப் பார்க்க முடியாத தாளிலே கையெழுத்துப் போடுவதற்கும் கைநாட்டு வைப்பதற்கும் என்ன வேறுபாடு? கந்துவட்டிக்காரனின் வெற்றுப் பத்திரத்திலே கைநாட்டு வைத்த நம் பாட்டனின் கதைதானே இது?

கையெழுத்து என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மின் கையொப்பம் இப்போது விரல் நீளக் கருவிக்குள் அடங்கிவிட்டது. அந்தக் கருவி எங்கே இருக்கிறது? பல கம்பெனிகளிலே, பல சேவை நிறுவனங்களிலே, அது கணக்கு எழுதிக் கொடுப்பவரின் மேசை இழுப்பறையிலே கிடக்கிறது. கடவுச்சொல் அதன்மேலே ஒட்டிய துண்டுத்தாளிலே இருக்கிறது! கையை வெட்டி அடுத்தவன் பெட்டியிலே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். கச்சேரி வாசலிலே மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதியவர் போனார். கணிப்பொறி வைத்துக்கொண்டு படிவம் நிரப்புபவர் வந்தார். தரகு போகவில்லை, தரகர்தான் மாறினார்.

"கணிப்பொறி வந்தால் குமாஸ்தாக்கள் வேலை போய்விடுமே" என்று அஞ்சும் அரசு ஊழியத் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வயிற்றிலே அடித்துவிட்டு வரும் புதுமையை நாம் கேட்கவில்லை. கோப்பு சுமந்த கைகள் இனி மக்களுக்கு வழிகாட்டட்டும். பதிவாளர் அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஓர் உதவி மேசை, அதிலே பொறுமையாகப் பேசத் தெரிந்த இருவர், தொழிலாளி வேலை முடிந்து வரத்தக்க மாலை நேரம் - இந்த வேலைக்கு ஆள் வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இவைதாம். படிவங்கள் எல்லாம் தமிழிலே வேண்டும். தமிழிலே நிரப்பியது செல்ல வேண்டும். தளம் படுத்த நாட்களைத் தளமே பதிவு செய்து, அந்த நாட்களுக்குத் தண்டம் தானாகவே விலக வேண்டும். ஒவ்வொரு முறையும் கெஞ்ச வைக்கக்கூடாது. தண்டம் வரவு செலவின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும். ஓர் இலாகாவுக்குக் கொடுத்த விவரத்தை மற்றோர் இலாகா கேட்கக்கூடாது. எவர் பெயரிலாவது கம்பெனியோ சங்கமோ பதிவானால், அல்லது நிர்வாகிகள் பெயர் மாற்றப்பட்டால், உரியவரின் கைப்பேசிக்கு உடனே தமிழிலே செய்தி போக வேண்டும். "இது நானல்ல" என்று ஒரு சொல் சொன்னால் பதிவு நிற்க வேண்டும். நமக்குக் கெடு வைக்கும் அரசு தனக்கும் கெடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்படைத்த தாளுக்கு இத்தனை நாளில் பதில், மறுத்தால் எழுத்திலே காரணம். கணிப்பொறி இல்லாதவன் தாளோடு வந்தால், "போய்க் கற்றுக்கொண்டு வா" என்று விரட்டக்கூடாது; வாங்கி, ஏற்றித் தர வேண்டும்.

இத்தனையும் ஆட்சியாளருக்கு. இனி, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

நம் மன்றங்களிலே எத்தனை, ஆண்டுக் கணக்கை ஒழுங்காக ஒப்படைத்திருக்கின்றன? நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் ஏழாம் எண் படிவத்தை எத்தனை செயலாளர்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? மேடை போடத் தெரிகிறது, கொடி கட்டத் தெரிகிறது, விடிய விடியச் சுவரொட்டி ஒட்டத் தெரிகிறது. மினிட் புத்தகம் எழுதத்தான் கை வலிக்கிறது! பிறகு என்ன ஆகிறது? தோழர்கள் செங்கல் சுமந்து கட்டிய கட்டடத்துக்கு எவனோ ஒருவன் உரிமை கொண்டாடுகிறான். "நாங்களே நிர்வாகிகள்" என்று அவன் ஒரு படிவம் போடுகிறான்; நாம் ஒரு படிவம் போடுகிறோம்; இரண்டும் பதிவாளர் முன்னே, பிறகு நீதிமன்றத்தின் முன்னே, ஆண்டுக்கணக்கிலே தூங்குகின்றன. படிப்பகத்துக்குப் பூட்டு விழுகிறது. பத்திரிகை படிக்க வந்த கிழவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். பகைவன் வென்றானா? இல்லை, நம் சோம்பல் வென்றது!

ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு சங்கமும் இந்தத் திங்களிலேயே ஒரு மாலை உட்காருங்கள். பதிவுச் சான்றிதழ் எங்கே என்று தேடுங்கள். கடைசியாகக் கணக்கு ஒப்படைத்தது எந்த ஆண்டு என்று பாருங்கள். விட்டுப்போனதை எழுதுங்கள். கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளாமல், செயலாளரும் பொருளாளரும் அறிந்திருக்கச் செய்யுங்கள். மின் கையொப்பக் கருவி அடுத்தவர் இழுப்பறையிலே இருந்தால் இன்றே வாங்கி வந்து, உரியவர் கையிலே கொடுங்கள். ஒப்படைத்ததன் ரசீதை அச்செடுத்துக் கோப்பிலே சேருங்கள். கல்லூரியிலே படிக்கும் இளந்தோழர் ஒருவரை அழைத்துப் பக்கத்திலே உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆலையிலே புது இயந்திரம் வந்தபோது கற்றுக்கொண்ட கைகள்தாமே இவை?

தாள் போய்த் திரை வந்தது, வரட்டும். வேல் போய்த் துப்பாக்கி வந்தபோதும், ஏற்றம் போய் மோட்டார் வந்தபோதும் உலகம் நின்றுவிடவில்லை. கேள்வி ஒன்றேதான். புதிதாக வந்த கருவி யார் கையிலே இருக்கிறது? நம் கையிலே இருந்தால் அது கவசம். அடுத்தவன் கையிலே இருந்தால் அது விலங்கு. 1920-இலே பதிவு இல்லாமல் அடிபட்டார்கள் நம் முன்னோர். நூறாண்டு கழித்து, பதிவு இருந்தும் அதைப் பேணத் தெரியாமல் நாம் அடிபட்டோம் என்று நாளை ஒருவன் எழுதும்படி விடலாமா?

விடமாட்டோம்! ஆட்சியாளர் முறையை மாற்றட்டும். நாம் பழக்கத்தை மாற்றுவோம்.